அறுத்த பிறகும்

மரம் விழவில்லை.

அவன் மரத்தைவிட்டு விலகி ஓடிவந்து திரும்பிப் பார்த்தான். கைகளில் அதிர்வு இன்னும் இருந்தது. மெஷின் வாள் கையில் இல்லை. அதன் நீண்ட நாக்கு, வெட்டுக்குள் மாட்டிக்கொண்டு, மொத்த மரத்தின் எடைக்கும் கீழே கிடந்தது.

நூறடிக் கற்பூர மரம். யூகலிப்டஸ்.

சாயவேண்டிய பக்கத்தில் நாலு விரல் கட்டையை அறுக்காமல் விட்டுவைக்க வேண்டும். மரம் அதைப் பிடித்துக்கொண்டுதான் சொன்ன திசையில் சாயும். தை மாதக் குளிரில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. வாள் எவ்வளவு உள்ளே போகிறது என்று கைக்குத் தெரியவில்லை. அந்த நாலு விரலையும் சேர்த்து அறுத்துவிட்டான்.

பதினாறு வருடத் தொழிலில் முதல் முறை.

இனி அது எந்தப் பக்கமும் விழலாம்.

சரிவின் அடியில், கூட வேலைசெய்யும் பாக்கியநாதன் மரத்தின் உச்சியில் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தார். உறைபனியில் விறைத்துக் கிடந்த கயிறு உச்சியிலேயே அறுந்து, சுருள் சுருளாகக் கீழே வந்தது. மரம் அசையவில்லை.

"காத்து வரட்டும்டா தம்பி" என்றார். "அதுவரைக்கும் கிட்ட போகாத."

காற்று வரவில்லை.

புல்லெல்லாம் வெள்ளையாக நின்றது. மரத்தின் உயரத்தையும் தாண்டித் தள்ளிப்போய், மேட்டில், இன்னொரு மரத்தடியில் நெருப்பு மூட்டினார்கள். கீழிருந்து வரும் பாதையைக் கிளைகள் போட்டு அடைத்தாயிற்று. உதிர்ந்த பட்டைகள் தைல வாசனையோடு எரிந்தன. இருவரும் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறுத்த மரம் போலவே இல்லை. மற்ற மரங்களைவிட நேராக நின்றது.

இரண்டு மைனாக்கள் வந்தன. கிளைவரை வந்தவை, உட்காராமல் திரும்பிவிட்டன.

வெயில் ஏறியபோது சோலைக்குள்ளிருந்து ஒருவன் வெளியே வந்தான். தலையில் விறகுச் சுமை. கீழ் ஊரின் போஜன். பாதையில் வராமல் குறுக்கே வந்திருந்தான். நேராக மரத்தடிக்குப் போனான்.

நெருப்படியில் இருந்த அவன் கத்துவதற்கு வாயைத் திறந்தான்.

பாக்கியநாதன் அவன் தோளைப் பிடித்தார். "கத்தி என்ன பிரயோஜனம். அவனுக்குக் காது கேக்காது."

போஜன் சுமையை இறக்கி மரத்தில் சாய்த்து வைத்தான். வாள் மாட்டிக்கிடந்ததற்கு மறுபுறம், சுமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். முதுகையும் பின்தலையையும் மரத்தில் சாய்த்துக்கொண்டான்.

கண்களை மூடினான்.

அறுத்தவன் எழுந்து மரத்தை நோக்கிப் போனான். பின்னாலிருந்து பாக்கியநாதன் ஏதோ சொன்னார். அது காதில் விழவில்லை. காலடியில் உறைபனி நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தமே போதும், மரம் சாய்ந்துவிடும் என்று தோன்றியது. காலைப் பக்குவமாக வைத்தான்.

பக்கவாட்டிலிருந்து தொட்டால் போஜன் திடுக்கிட்டுத் துள்ளுவான். அதனால் எதிரே போய்க் குந்தினான். பொறுத்திருந்தான்.

மூச்சு புகையாக வந்து போனது. போஜனின் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் அந்த வெட்டு. சிவப்பாக, ஈரமாக, ஒரு கோடு.

போஜன் தூங்கவில்லை. புருவங்கள் நெரிந்திருந்தன. சுவருக்கு அப்பால் யாரோ பேசுவதைக் கவனிப்பவனின் முகம்.

கண்ணைத் திறந்தான். எதிரே இருந்தவனைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. விரலால் மரத்தைக் காட்டினான். பிறகு உள்ளங்கையைக் காற்றில் விரித்து, மெல்ல நடுங்கவைத்துக் காட்டினான்.

அறுத்தவன் தலையாட்டினான். போஜனின் மணிக்கட்டைப் பிடித்தான். போஜன் சுமையைக் கைகாட்டினான். வேண்டாம் என்று கைகாட்டியும் விடவில்லை. இருவருமாகத் தூக்கினார்கள். மரத்திலிருந்து சுமை விலகிய அந்த நொடியில் அறுத்தவனின் தோள்கள் தானாகக் குறுகின.

ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தார்கள். ஓடக்கூடாது என்று அறுத்தவன் தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான். மேடு ஏறி நெருப்படிக்கு வந்தார்கள்.

பாக்கியநாதன் போஜனை உட்காரவைத்தார். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

போஜன் இரண்டு மடக்கு குடித்தான். சட்டென்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் திருப்பினான்.

மரம் அப்படியே நின்றது.

அதன் பிறகுதான் மற்ற இருவருக்கும் அது கேட்டது. அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஒரு முனகல். உச்சி நகர்ந்தது. வானத்தில் ஒரு பெரிய இடம் காலியானது. ஆளில்லாத சரிவில் மரம் விழுந்த அதிர்வு, உட்கார்ந்திருந்த கல்வரைக்கும் வந்தது. உறைபனித் தூள் எழும்பி, வெயிலில் மினுங்கி அடங்கியது.

பாக்கியநாதன் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சிரித்தார். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. "பொழச்சோம்டா. இன்னிக்கு மூணு உசுரு பொழச்சுச்சுடா."

அவனும் சிரித்தான். கண்ணில் நீர் வந்தது.

போஜன் சிரிக்கவில்லை. விழுந்த மரத்தை அவன் பார்க்கவே இல்லை.

எழுந்தான். அவர்களுக்குப் பின்னால், நெருப்பு எரிந்துகொண்டிருந்த மரத்தடிக்கு வந்தான். அது இளமரம். வெட்டச் சொன்னவற்றில் அது இல்லை. அதன்மேல் இதுவரை வாள் பட்டதே கிடையாது.

உள்ளங்கையை அதன்மேல் வைத்தான்.

அப்படியே நின்றான்.

கையை எடுத்தான். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சுமையைக்கூட எடுக்காமல் மேட்டில் இறங்கி விறுவிறுவென்று போனான். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

பாக்கியநாதனின் சிரிப்பு நின்றிருந்தது.

காற்று இல்லை. தலைக்கு மேலே இலைகள் சலசலத்தன.

"அண்ணே" என்றான் அவன், உதடு அசையாமல். "மெதுவா எந்திரிங்க."