இரண்டாவது ஸ்பீக்கர்

"ஒரு ஸ்பீக்கர் போதும் பாய், ரெண்டுன்னா வாடகை கட்டுப்படியாவாது" என்று மைக்செட் கரீமுல்லாவிடம் முன்பே சொல்லியிருந்தார் பெண்ணின் அப்பா மணவாளன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் பக்கத்து வீட்டு ஜம்புலிங்கம் வந்தார்.

"இன்னொன்னும் கட்டு பாய். வாடகை நான் தரேன். எங்க வாசலைப் பார்த்து, முழு சத்தமா வை."

"அண்ணி ஒடம்பு முடியாம படுத்துகினு இருக்காங்களே, தாங்குவாங்களா?"

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. கட்டு."

ரெக்கார்டு பாட்டில் நெசவுத் தெருவே அதிர்ந்தது. கெட்டிமேளம் ஓய்ந்ததும் ஜம்புலிங்கம் மறுபடி வந்தார்.

"தாலி கட்டியாச்சா?"

"ஆங், ஆச்சுண்ணே."

"அப்போ நிறுத்திடு பாய். விடிகாலையிலேயே அவ போயிட்டா. அழுகை வெளியே கேட்டா கல்யாணம் நின்னுடும்னு கதவைச் சாத்தி வெச்சிருக்கேன். இனிமே எம் பொண்ணுங்க வாய்விட்டு அழட்டும்."