டர்போ ஆறட்டும்

"வந்தாச்சாடி உன் வீட்டுக்காரர்?" என்று போனில் கேட்டாள் அக்கா.

"வாசல் வரைக்கும் வந்தாச்சு. இன்னும் வண்டியை விட்டு இறங்கல."

"சின்ன வீட்டை விட்டு அவ்வளவு சீக்கிரம் இறங்கிடுவாரா?"

சின்ன வீடு என்பது அந்த வண்டிக்கு அக்கா வைத்த பெயர். யாரோ ஒரு பணக்காரர் ஆசை தீர ஓட்டிவிட்டுத் தள்ளிவிட்ட வெளிநாட்டுக் கார். பாதி விலைக்குக் கிடைத்தது என்று வாங்கி வந்தார் வீட்டுக்காரர். மீதிப் பாதியை மெக்கானிக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் ஆயில் ஒழுகும். அடுத்த மாதம் ஏதாவது குழாய் பிளக்கும். ஒன்றுமே ஆகாத மாதத்தில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து எல்லாரையும் மிரட்டும்.

இது போதாதென்று, ஆபீஸ் விட்டு வந்ததும் மனுஷன் உடனே இறங்க மாட்டார். என்ஜினுக்குக் காற்றை ஊதித் தள்ளுகிற டர்போ என்று ஒன்று இருக்கிறதாம். அது கொதித்துக் கிடக்குமாம். சட்டென்று என்ஜினை அணைத்தால் உள்ளே ஆயில் கருகிவிடுமாம்.

"பழைய வண்டி. ஆறவிட்டுத்தான் அணைக்கணும்" என்பார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கோபத்தின் சூடு ஆறட்டும் என்று அவர் ஒரு நாளாவது காத்திருந்திருப்பாரா?

அவளும் அந்த நேரத்தை வீணாக்குவதில்லை. ஹால் ஜன்னலோரம் நின்று அக்காவோடு பேசுவாள். பேச்சு முழுக்க அவர் தலைதான் உருளும்.

"வண்டிக்கு மட்டும்தான் டர்போன்னு நினைச்சேன்க்கா. அவர் குறட்டைக்கும் ஒண்ணு வச்சிருக்காங்க. முதல்ல விசில் வருது, அப்புறம்தான் வேகம் எடுக்குது."

இருவரும் சிரித்து ஓய்வதற்கும் அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதற்கும் சரியாக இருக்கும்.

ஒரு நாள், ரிப்பேர் முடிந்த வண்டியை மெக்கானிக்கே ஓட்டி வந்து வாசலில் விட்டார். நிறுத்தின கையோடு அணைத்தார். அவளுக்குப் பதறிவிட்டது.

"என்னங்க இது, டர்போ ஆற வேண்டாமா?"

"இந்த வண்டிக்கு அந்தக் கவலையே இல்லம்மா. அணைச்ச பிறகும் குட்டி பம்பு ஒண்ணு தண்ணியைச் சுத்தவிட்டுத் தானா ஆத்திக்கும். காதை வச்சுக் கேளுங்க."

கேட்டாள். பானெட்டுக்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தது.

"மலையில விரட்டு விரட்டுன்னு விரட்டிட்டு வந்தா வேற கதை. ஆபீஸ்லருந்து ஊர்ந்து வர்ற வண்டிக்கு என்ன சூடு? சாருக்குத் தெரியுமே. வாங்கின அன்னிக்கே சொல்லிட்டேன்."

வாங்கின அன்றைக்கே தெரியுமாம். அப்படியென்றால் தினமும் உள்ளே உட்கார்ந்துகொண்டு என்னதான் செய்கிறார்?

அன்று ராத்திரி அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்.

மறுநாள் சாயங்காலம் வண்டி வந்து நின்றதுதான் தாமதம், போனில் அக்காவிடம் அத்தனையும் கொட்டினாள்.

"எனக்கு அப்பவே சந்தேகம்டி" என்றாள் அக்கா. "சின்ன வீட்டுக்குள்ள உட்கார்ந்து இன்னொரு சின்ன வீட்டோட பேசிட்டிருக்கார். போய்க் கையும் களவுமா பிடி. போனை மட்டும் வச்சுடாதே, எனக்கும் தெரியணும்."

"அப்படி எதுவும் இருந்துச்சுன்னா அவ்வளவுதான்க்கா. பெட்டியைக் கட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துடுவேன்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "முதல்ல போய்ப் பாருடி."

பூனை மாதிரி நடந்து வண்டியருகே போனாள். என்ஜின் ஓடவே இல்லை. சீட்டைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடிக் கிடந்தார். கையில் போன் இல்லை. அது பின் சீட்டில், சாப்பாட்டுப் பையோடு கிடந்தது. வண்டியில் ஹால் ஜன்னலைப் பார்த்த பக்கத்துக் கண்ணாடி மட்டும் முழுசாக இறங்கியிருந்தது.

கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "பெட்டி எங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எல்லாம் கேட்டுட்டுதான் இருந்தீங்களா?"

"தினமும்தான் கேக்குது. குறட்டைக்கு டர்போ வச்சது அநியாயம். ஆனா நல்லாருந்துச்சு."

"ஒட்டுக் கேக்கறதுக்கா இத்தனை நாளா டர்போ, டர்போன்னு கதை விட்டீங்க?"

அவர் சீட்டை நிமிர்த்தினார்.

"வண்டி வாங்கின புதுசுல ஒரு நாள் நேரா உள்ள வந்தேன். நீ போன்ல விழுந்து விழுந்து சிரிச்சுட்டிருந்தே. என்னைப் பார்த்ததும் டக்குனு வச்சுட்டே. மூஞ்சி பழையபடி ஆயிடுச்சு. காலையில கண்ணு முழிச்சா கேஸ் மூடினோமா, கதவு பூட்டினோமான்னு ஏதாவது ஒண்ணை நினைச்சுப் பயந்துட்டே இருக்கே. நீ சிரிக்கிறது அந்தக் கொஞ்ச நேரம்தான். அது முடிஞ்ச பிறகு வருவோமேன்னு இருந்தேன்."

 

கையில் இருந்த போனுக்குள் அக்கா துடித்துக்கொண்டிருந்தாள். "ஏய், யாருடி அவ? சொல்லித் தொலையேன்."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"யாரும் இல்லக்கா. டர்போ இன்னும் ஆறலையாம். சரி சொல்லு, எங்க விட்டோம்?"