கதவுக்கு எண்ணெய் போடாத கோழிக்கூடு

நீங்கள் ஒரு கோழிக்கூடு கட்டினால், அது சரியாக இருக்கிறதா என்று யாரிடம் கேட்பீர்கள்?

திருச்சுழி பக்கத்துப் பள்ளி ஒன்றில் போன வருடம் ஆறு கோழிகளும் களவு போயின. இந்த முறையும் போனால் பள்ளியில் கோழியே கூடாது என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் கட்டிய புதுக் கூட்டைக் காட்ட ஒருவரை அழைத்து வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்த வாரம்தான் மாறுதலில் வந்திருந்த சவுந்தரம் டீச்சர், எழுந்து வணக்கம் சொல்லி டீ வரவழைத்தார்.

"இதெல்லாம் எங்க பிடிச்சீக?" என்று கேட்டார் வந்தவர்.

"கம்பு கம்மாக்கரைக் கருவேலம். கூரை பனையோலை. கை கழுவுற தண்ணி கீரைக்குப் போகும், கீரை கோழிக்குப் போகும்" என்றாள் ஜெபா.

"அடியில தோண்டுனா?"

"முழங்கை ஆழத்துக்கு முள்ளுப் பொதச்சிருக்கோம்."

"கதவு கிரீச்சுங்குதே, எண்ணெய் போடலயா?"

"வேணும்னுதான் போடல. எதுத்த வீட்டுக்குக் கேக்கணும்ல" என்றான் மதன்குமார்.

அவர் கூரையை லேசாகத் தூக்கினார். உள்ளே கட்டியிருந்த தகர டப்பாக்கள் கலகலத்தன.

"ஏயப்பா! என்னாலயே ஆகாது போங்க" என்று சிரித்துக்கொண்டே போனார்.

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. "யாரு, கால்நடை டாக்டரா?"

"இல்ல டீச்சர், மொக்கையன் மாமா. போன வருசம் நம்ம கோழியத் தூக்குனது அவுகதான். அவுகளுக்குத் தெரியாத வழியா?"

மறுநாள் காலையில் கோழிகள் எல்லாம் கூட்டுக்குள் இருந்தன. கதவுக்கு வெளியே ஒரு சேவல் கட்டிக் கிடந்தது.