ஒரு துளி ஊருணி

அவளுக்கு ஒற்றைக் கண்ணை மூட வரவில்லை.

இடக்கண்ணை மூடினால் வலக்கண்ணும் உடன் மூடிக்கொண்டது.

"கையால பொத்திக்கங்க பெரியம்மா" என்றாள் பவதாரணி. ஏழாம் வகுப்பு மாணவி. நுண்ணோக்கியின் பொறுப்பு இன்று அச்சிறுமியுடையது.

அவள் உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

கருங்கோடுகள் தெரிந்தன. வேலிமுள்ளைப் போல் நெருங்கி நின்று மேலும் கீழும் அசைந்தன.

"யாத்தே, முள்ளு முள்ளால்ல கெடக்கு!"

வகுப்பறை சிரித்தது.

"அது உங்க கண்ணுமுடி பெரியம்மா. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க."

சன்னலுக்கு வெளியே நின்ற பெண்களும் சிரித்தனர். நாத்தனார் பஞ்சவர்ணத்தின் சிரிப்பு மட்டும் தனித்துக் கேட்டது.

"சொன்ன சொல்லு நெனப்பிருக்குல்ல மதினி?"

நினைவிருந்தது.

ஊர் முழுவதும் குடிப்பது ஊருணி நீரை. அதன் காவல் கணவன் வழியில் அவளுக்கு வந்தது. செருப்புக் காலோடு எவரும் அதன் படியில் இறங்கியதில்லை. ஆடு மாடு அண்டியதில்லை. ஊருக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளை ஒருவர் விவரம் அறியாமல் அதில் கால் கழுவினார். அவள் பேசிய பேச்சில், அடுத்த பொங்கலுக்கு அவர் மாமனார் வீட்டுப் பக்கமே வரவில்லை.

நாளை ஊருணிக்கரை அம்மனுக்குப் பானகம். முதற்குடத்தை அவள் முகந்து தருவாள். அந்த நீரில் வெல்லம் கரைப்பார்கள். தீ காட்டாத நீர். அதுவே முறை.

இவ்வாண்டு அந்த முறைக்குக் குறுக்கே ஏழாம் வகுப்பு வந்து நின்றது. பிள்ளைகள் கயிறு விட்டு ஊருணியின் ஆழத்தை அளந்தனர். படிக்குப் படி நீர் எடுத்துப் பார்த்தனர். பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வந்து, நீரில் உயிர்கள் இருப்பதால் பானக நீரைக் காய்ச்ச வேண்டும் என்று கேட்டனர்.

குழுவில் அவளும் உறுப்பினர். எழுந்தாள்.

"எந் தண்ணியில உசுரோட ஒண்ணக் காட்டுங்க. அப்பவே காவல விட்டு எறங்கிர்றேன்."

அன்று சபை நிறைந்திருந்தது.

அதனால்தான் இன்று வகுப்பறையும் நிறைந்திருந்தது.

அவள் சற்றே விலகி, மறுபடி குனிந்தாள்.

ஒளி வட்டமாக விரிந்தது. வட்டத்தின் நடுவே கருஞ்சிவப்பாய் ஒரு பொட்டு.

அவளுக்கு மூச்சு வந்தது.

குங்குமம்.

கல்விச் சீர் கொடுத்த நாளில் ஊரார் இந்த நுண்ணோக்கியைத் தாம்பாளத்தில் வைத்து, மேளதாளத்தோடு பள்ளிக்குத் தூக்கி வந்தார்கள். புதுப்பொருளாயிற்றே. பொட்டிட வேண்டாமா? எங்கே இடுவது என்றுதான் எவருக்கும் தெரியவில்லை. மேலே பளபளத்த கண்ணாடி நெற்றியைப் போலிருந்தது. அங்கேயே இட்டார்கள். இட்ட விரல் அவளுடையது. ஆசிரியை எத்தனை துடைத்தும் ஒரு துகள் தங்கிவிட்டது.

இதைச் சொன்னால் போதும். பிள்ளைகள் கண்டது குங்குமம். ஊர் நம்பும். சிரித்துக் கலையும். காவல் நிலைக்கும்.

வாயைத் திறந்தாள்.

பொட்டின் அருகே ஏதோ துள்ளியது.

கண்ணாடியால் செய்ததைப் போன்ற உடல். உள்ளிருப்பது யாவும் வெளியே தெரிந்தது. கிளைத்த இரு கைகளால் நீரை உந்தியது. ஒற்றைக் கருங்கண். முதுகோரம் ஏதோ ஒன்று இடைவிடாமல் துடித்தது.

"அந்தத் துடிக்கிறது என்னடி?"

"இதயம் பெரியம்மா."

அதற்கும் கீழே, ஒரு பைக்குள், உருண்டை உருண்டையாகச் சில இருந்தன. அவை என்னவென்று அவள் கேட்கவில்லை. பிள்ளை பெற்றவள்.

"என்ன மதினி, பேச்சையே காணோம்?"

அவள் நிமிரவில்லை.

எவரும் இறங்காத நீர் என்றல்லவா எண்ணியிருந்தாள். உள்ளே ஒரு குடித்தனமே நடந்திருக்கிறது. இவை உறங்குமா? ஒன்றையொன்று அறியுமா? விடியலில் தன் குடம் இறங்கும்போது எந்தப் பக்கம் ஒதுங்கும்?

கைகளின் வீச்சு தளர்ந்தது. ஒரு துள்ளலுக்கும் மறு துள்ளலுக்கும் இடையே நேரம் கூடியது.

"ஏண்டி சொணங்குது?"

"வெளக்குச் சூட்டுல தண்ணி வத்துது பெரியம்மா. காஞ்சு போச்சுன்னா வேற சொட்டு வச்சுக் காட்டுறேன்."

அவள் நிமிர்ந்தாள்.

நுண்ணோக்கியின் அடியிலிருந்த கண்ணாடிச் சில்லை உருவி எடுத்தாள். பவதாரணி பதறிக் கை நீட்டினாள். ஆசிரியை அந்தக் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினார்.

வாசலில் நின்றவர்கள் வழிவிட்டனர். ஒரு கையில் சில்லை ஏந்தி, மறு கையால் அதற்கு வெயில் மறைத்து, அவள் ஊருணியை நோக்கி நடந்தாள். ஓடவும் முடியாது. நிற்கவும் முடியாது.

பஞ்சவர்ணம் பின்தொடர்ந்தாள்.

"என்னத்த மதினி ஏந்திக்கிட்டுப் போற? எங்ககிட்டயும் காட்டேன்."

அவள் திரும்பவில்லை.

"பானகத் தண்ணிக்கு அடுப்பக் கூட்டச் சொல்லு."

பின்னால் வந்த காலடி நின்றது.

கடைசிப் படியில் குந்தி, சில்லை நீருக்குள் சாய்த்தாள்.

கரையில் ஒவ்வொருவராக வந்து கூடினர். காவல் இனி யாருக்கு என்ற பேச்சு அங்கே தாழ்குரலில் தொடங்கியது.

நீர் அடிமணல் தெரியத் தெளிந்திருந்தது.

அந்த உயிர் தன் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, அவளிடம் வெறுங்கண்களே இருந்தன.