எரியும் கப்பல்

நீராவிப் போர்க்கப்பல் என்று ஒன்று உண்டென்பதை அந்தக் கரை அதுவரை அறியாது. காற்று செத்துக் கிடந்த கடலில், சக்கரங்களால் தண்ணீரை அறைந்துகொண்டு, அது கரும்புகை கக்கியபடி வந்தது. “லேய், கப்பல் பத்தி எரியுது!” என்று கத்தினான், தம்பியோடு கட்டுமரத்தில் மீன்பிடித்துக்கொண்டிருந்த தொம்மை. கடலில் தவிப்பவனைக் கண்டும் விலகிப் போகிறவன் வலையில் மீன் படாது. அண்ணனும் தம்பியும் கப்பலை நோக்கிக் கட்டுமரத்தை வலித்தார்கள். கப்பலின் விலாவில் வரிசையாகச் சன்னல்கள் திறந்தன. “குதிங்க, நாங்க பிடிச்சுக்கிடுதோம்!” என்று தம்பி மிக்கேல் கைகளை விரித்தான். முதல் சன்னல் முழங்கியது. மிக்கேலின் இடுப்புக்கு மேல் எதுவும் மிச்சமில்லை; மண்டியிட்ட கால்கள் மட்டும் மரத்தில் இருந்தன. “ஐயோ, வெடிமருந்துல தீ பிடிச்சிட்டு!” என்று அலறிய தொம்மை, கண்ணை மறைத்த இரத்தத்தை வழித்தெறிந்துவிட்டு, அடுத்த சன்னலை நோக்கி இன்னும் வேகமாக வலித்தான்.