குழாய் வளைந்த இடம்

“பிள்ளை, கடல்தண்ணி வாற குழாய் ஏன் இதிலை வளையுது?”

பொறியியலாளர் இராசநாயகம் சேர் திரையில் விரலை வைத்தார். கறுப்புத் திரை, பச்சைக் கோடுகள். கடலிலிருந்து நேராக வந்த ஒரு கோடு, ஐஸ் தொழிற்சாலையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், வெறும் இருட்டை அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு போனது. அந்த வளைவுக்குள் ஒன்றுமே இல்லை.

“பார்க்கிறன் சேர்,” என்றாள் யசிந்தா.

“நேற்றும் இதைத்தானே சொன்னனீர்?”

எண்பத்தெட்டாம் ஆண்டு. பருத்தித்துறையில் மீனவர் சங்கத்துக்குக் கட்டப்போகிற ஐஸ் தொழிற்சாலை, அப்போதைக்கு அந்த ஒற்றைக் கொம்பியூட்டருக்குள் மட்டும்தான் இருந்தது. நில அளவைக்காரர் தருகிற புள்ளிகளை முன்பெல்லாம் படவரைஞர் தில்லைநாதன் ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றுவார். யசிந்தா வந்து ஒரு புரோகிராம் எழுதினாள். இப்போது பிளொப்பியைச் செருகினால் போதும், புள்ளிகள் தாமாகவே படத்துக்குள் போய் உட்காரும். கிணறோ மரமோ குறுக்கே வந்தால் குழாய் தானாக விலகும். படத்தைப் பெரிதாக்கும்போது கோடுகள் மினுங்கி மறைந்துபோகிற கரைச்சலையும் அவள்தான் தீர்த்து வைத்தாள்.

அப்படிப்பட்டவள் இப்போது ஒரு வளைவை நேராக்காமல் இருந்ததுதான் சேருக்குக் கோபம்.

“திரையின்ரை பிழை எண்டால் விடலாம். கடதாசியிலை அடிச்சாலும் உந்த வளைவு நிக்குது. அப்ப உம்மடை புரோகிராம்தான் பிழை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்க் கோயிலாலை வந்து நிண்டு கத்திறன்.” அவர் நெற்றியில் திருநீறு வியர்வையோடு கரைந்துகொண்டிருந்தது. “படம் கொழும்புக்குப் போகவேணும். பின்னேரத்துக்கிடையிலை குழாய் நேராகாட்டி, திங்கக்கிழமை நீர் வேலைக்கு வரத் தேவையில்லை.”

யசிந்தா தலை குனிந்தாள். தகப்பனின் வள்ளம் எரிந்தபிறகு, முனைப் பக்கத்திலிருந்த அவர்கள் வீட்டில் உலை கொதித்தது அவளுடைய சம்பளத்தில்தான்.

“வேதக்காரப் பிள்ளை கீறினதல்லோ சேர்,” என்றார் தில்லைநாதன். “குழாயும் முழந்தாளிலை நிக்குது!”

அங்கே யசிந்தா ஒருத்திதான் கிறிஸ்தவப் பெண். அலுவலகம் சிரித்தது. யசிந்தாவும் கொஞ்சம் சிரித்தாள். ஆனால் கை விசைப்பலகைக்குப் போகவில்லை. யன்னலால் வந்த கடற்காற்றில் தலைமயிர் பறக்க, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டில் வலை இழுக்கும்போது கடல் பச்சையாக ஒளிருமே, அப்படி இருந்தது அவள் முகம்.

மத்தியானமாகியும் அவள் ஒன்றையும் தொடவில்லை.

“என்ன பிள்ளை, தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுமன்.”

“தெரியும் தில்லையண்ணை.”

“அப்ப நேராக்கும்!”

“நேராக்கினால்தான் அண்ணை பிழை.”

வாய்க்கொழுப்பு என்று நினைத்துக்கொண்டார் தில்லைநாதன். என்றாலும் வேலை போகப்போகிற பிள்ளை. அந்த இடத்தில் என்னதான் இருக்கிறதென்று பார்த்துவர, படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

கடற்கரையில் வெயில் வெள்ளையாகப் படுத்துக் கிடந்தது. படத்தைப் பார்ப்பதும் மணலைப் பார்ப்பதுமாக நடந்தார். வளைவு தொடங்கவேண்டிய இடத்துக்கு வந்தபோது, கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி சத்தம் போட்டாள்.

“ஐயா! வைரவரிட்டைச் செருப்போடை போறியள்!”

அப்போதுதான் கண்டார். வெட்டவெளி மணலில், முழங்கால் உயரத்தில் ஒரு சூலம். அடியில் எண்ணெய் ஊறிய கல். யாரோ காலையில் வைத்த செவ்வரத்தம்பூ. கோயில் என்று சொல்ல ஒரு கூரைகூட இல்லை.

செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடியதும், மணலுக்கடியில் ஒரு பச்சைக் கோடு ஓடி வந்தது. சூலத்துக்குக் கிட்ட வந்து, தூங்குகிற பிள்ளையைக் கடப்பதுபோல மெல்ல விலகி, சுற்றிக்கொண்டு போனது. எவ்வளவு நேரம் நின்றாரோ, மணல் காலைச் சுட்டபிறகுதான் நினைவு வந்தது.

அலுவலக வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

“சேர், குழாயிலை பிழையில்லை! வளைவுக்குள்ளை வைரவர் இருக்கிறார். நேராய் வெட்டியிருந்தால் சூலத்தையல்லோ கிளப்பியிருப்பம்! ஊர்ச்சனம் எங்களைச் சும்மா விட்டிருக்குமே? அளவைக்காரன் குறிக்காமல் விட்டிட்டான்.”

எல்லோரும் சேரைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

“ஓம்… விட்டிட்டான் போலை.” குரல் அடங்கியிருந்தது. “வளைவு அப்பிடியே இருக்கட்டும். பிள்ளை, நீர் திங்கக்கிழமை வாரும்.”

அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும், தில்லைநாதன் கதிரையை யசிந்தாவின் பக்கம் இழுத்துப் போட்டார்.

“குறை நினையாதையும் பிள்ளை. வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டன். அதுசரி, அளவையிலை இல்லாத வைரவரை நீர் எப்பிடிக் கண்டனீர்?”

“அளவையிலை இருந்தவர் அண்ணை.” யசிந்தா குரலைத் தாழ்த்தினாள். “கொழும்பிலை கண்டால் கரைச்சல், உந்தப் புள்ளியை அழிச்சுவிடும் எண்டு போன கிழமை சேர்தான் சொன்னவர். படத்திலையிருந்து அழிச்சிட்டன். குழாய்க்குத்தான் சொல்லேல்லை.”