கிளையைத் திருப்பியது யார்?

"அக்கா, இந்தக் கிளையை யாரு தொட்டா?"

சின்னவள் கேட்டாள். அடுப்படியில் இருந்த பெரியவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன் சுள்ளிக்கட்டை யாரு தொடப் போறா? தொட்டா கையில சிராய்தான் ஏறும்."

அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு.

சுள்ளிக்கட்டு என்று பெரியவள் சொன்னது ஹால் மூலையில் நின்ற விளக்கை. ஆள் உயரம் இருக்கும். அடியில் கனமான மரத்துண்டு, நடுவில் ஒரு கம்பு, அதைச் சுற்றிப் பட்டை உரிக்காத காய்ந்த கிளைகள். பூங்காவில் விழுந்து கிடந்ததைப் பொறுக்கி வந்து, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, கட்டுக்கம்பியால் கட்டி, உள்ளே வயர் ஓட்டி, பல்பு மாட்டி, எல்லாம் சின்னவளே செய்தது.

மரச்சாமான் கடைக்காரம்மா வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாள். பிடித்திருந்தால் கடையில் வைப்பாளாம். தான் செய்த ஒரு பொருளை வெளி ஆள் பார்க்க வருவது சின்னவளுக்கு இதுதான் முதல் தடவை.

அதனால்தான் தலை குழம்பியது. ஜன்னல் பக்கம் சாய்த்துக் கட்டிய கிளை, காலையில் பார்த்தால் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சரி பண்ணினால், மறுநாள் முன்னைவிடக் கூடுதலாக ஜன்னல் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. கெடுக்க நினைக்கிறவள் உடைத்துப் போட்டுவிட்டுப் போகலாமே? இதென்ன திருப்பித் திருப்பி ஒரு விளையாட்டு?

புருஷனிடம் சொன்னாள்.

"காத்துல திரும்பியிருக்கும்."

"ஜன்னலே திறக்கலையே."

"அப்ப மரம் இன்னும் வளருது போல."

"உங்ககிட்ட வந்து சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

பெரியவளுக்குக் காது கூர்மை. அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "குருவி வந்து கூடு கட்டினா சொல்லு, வாடகை வாங்கலாம்."

தன் மூத்த மகளைக் கூப்பிட்டுக் கேட்டாள் சின்னவள். நாலு வயது. கைக்குழந்தை வந்ததிலிருந்து அது ஹாலில் பெரியம்மாவோடுதான் படுக்கிறது.

"கண்ணு, நீ தொட்டியாடி?"

பிள்ளை பெரியம்மா முகத்தைப் பார்த்தது. ஓடிப்போய் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

ஓஹோ, பிள்ளையையும் கூட்டு சேர்த்தாச்சா? சின்னவளுக்கு மனசு பொறுக்கவில்லை. எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லாதவள், அன்றைக்குக் கேட்டே விட்டாள்.

"அக்கா, நீங்கதானே திருப்புறீங்க?"

"ஆமா, நான்தான். இப்ப என்ன?"

இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்வாள் என்று சின்னவள் நினைக்கவே இல்லை.

"ஏன்க்கா?"

"சும்மாதான். கை அரிச்சுது."

சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். திருட்டுத்தனமாகச் செய்கிறவள் இவ்வளவு தெம்பாகவா சொல்லுவாள்? அதுவும் புரியவில்லை.

கடைக்காரம்மா வருகிற நாள் வந்தது. சின்னவள் குறடு எடுத்து, அந்தக் கிளையை ஜன்னல் பக்கம் இழுத்து, கம்பியை இரட்டையாகச் சுற்றி முறுக்கினாள். இனி யார் கை அரிக்கிறது, பார்ப்போம்.

சாயங்காலமே மழை இருட்டு. பெரியவள் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரம்மா வரும்போது எரியட்டுமே என்று சின்னவள் சுவிட்சைப் போட்டாள்.

பிள்ளை கண்ணைத் திறந்தது. வீடே அதிரும்படி கத்தியது.

"பெரிம்மா! அந்தக் கை வருது! என்னைப் பிடிக்க வருது!"

பிள்ளை காட்டிய சுவரைச் சின்னவள் பார்த்தாள். இத்தனை நாளும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தவள், சுவரை அன்றுதான் பார்த்தாள். நீள நீளமாக விரல் விரித்த ஒரு கறுத்த கை, பாய் வரைக்கும் நீண்டிருந்தது. கிளையின் நிழல்.

பெரியவள் துணிகளைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு குறட்டால் கம்பியைத் தளர்த்தி, கிளையைக் கதவு பக்கம் திருப்பினாள். விரலெல்லாம் மடங்கிச் சிறகு மாதிரி ஆனது.

"பாரு தங்கம், கை போயிடுச்சு. கொக்கு வந்துடுச்சு. கொக்குக்கு டாட்டா சொல்லு."

பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையை ஆட்டியது.

சின்னவள் கேட்டாள். "தினமும் இதானாக்கா?"

"விளக்கை அணைச்சா இருட்டுன்னு அழறா. போட்டா கைன்னு அழறா. அதான் படுக்கும்போது திருப்பி வைப்பேன். காலையில நீ வெச்ச மாதிரியே வைக்கத்தான் பார்க்கிறேன், ஒரு நாள் மறந்துபோகுது, ஒரு நாள் கூடிப்போகுது. உன் கைவாகு எனக்கு வரமாட்டேங்குது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! அந்த நிமிஷமே இதைப் பிரிச்சு எறிஞ்சிருப்பேனே!"

"தெரியும். அதனாலதான் சொல்லல."

வாசலில் மணி அடித்தது. பெரியவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"வந்துட்டாங்க. நீ நினைச்ச மாதிரி திருப்பி வெச்சுட்டுப் போய்க் கதவைத் திற. நான் இவளை உள்ளே வெச்சுக்கிறேன்."

"அக்கா, நான் உங்களைப் போய்..."

"அட, போடி! கோபம் என் மேல இருந்தா இருந்துட்டுப் போகுது. விளக்கு மேல வந்துடக் கூடாதுல்ல?"